வில்லை முழுசா இழுங்க, சார்

“சமோசா மடிக்கிற வீட்டுல முக்கோணத்தைத் தின்னத்தான் தெரியும்பா. நிரூபிக்கத் தெரியாது.”

இதைச் சொன்னபோது எங்கள் கணக்கு சாரின் கையில் பாதி கடித்த சமோசா இருந்தது. எங்கள் வீட்டுச் சமோசா. அன்று பொரித்ததில் ஓரம் பிரியாததாகப் பொறுக்கியெடுத்து, செய்தித்தாளில் சுற்றி, மந்தைவெளியில் சார் வீட்டு வாசலில் நின்று நைனா இரண்டு கையாலும் நீட்டியிருந்தார். சார் வாங்கிக்கொண்டார். ஒன்றை எடுத்துக் கடித்தார். “வெங்காயமா? நல்லாருக்கே” என்றார். அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கேட்டுக்கு வெளியே நைனாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். முன்னறையில் டியூஷனுக்கு வந்த என் வகுப்புப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நைனாவும் சிரித்தார். குனிந்து, தலையைச் சொறிந்து, கடைக்காரர்கள் பாக்கியை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“டியூஷனுக்கு இடம் இல்லப்பா. இருந்தாலும் இவளுக்கு வேஸ்ட்டு. பத்தாவது பாஸ் பண்ணட்டும், டைப்ரைட்டிங் குரூப்ல போட்டு விடு. கை வேகமா இருக்கும். பழக்கம் இருக்குல்ல.”

மறுபடியும் ஒரு சிரிப்பலை.

திரும்பி வரும்போது நைனா சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். “தமாஷுக்குச் சொன்னாரும்மா. பெரிய மனுசன். மனசுல வச்சிக்காத.”

“நான் சிரிக்கல நைனா.”

“நானும் இன்னா பண்றது சொல்லு. சமோசாவக் குட்த்தாச்சி.”

நான் மனதில் வைத்துக்கொண்டேன். இன்றுவரை இறக்கவில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரின் பின்பக்கம், கால்வாய் ஓரத்து வரிசையில் ஓர் ஒற்றை அறை. பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த காலம். நாள் முழுக்க சிமென்ட் கலவை இயந்திரம் உறுமும், வெங்காய வாசனையோடு சிமென்ட் தூசியும் வீட்டுக்குள் வரும். அம்மா நீள மாவுப் பட்டியை விரித்து, வெங்காயத்தை வைத்து, மூன்று மடிப்பில் முக்கோணமாக்கி, ஓரத்தில் மைதாப் பசை தடவி ஒட்டுவாள். நைனா பொரித்து மயிலாப்பூர், மந்தைவெளி டீக்கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். தீபாவளி நெருங்கினால் தி.நகர் வரைக்கும் போவார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் யாரும் இல்லை. நைனா கைநாட்டு. அம்மா தன் பெயரைக்கூட எழுத மாட்டாள். நான் ஒவ்வொரு வகுப்பாக ஏறியபோது அவர்களுக்கு அது ஏதோ உயரமான கட்டிடத்தில் மகள் ஏறிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. கீழே நின்று பயத்தோடு அண்ணாந்து பார்த்தார்கள்.

எனக்குப் பயமில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப். கணக்கு இருக்கிற குரூப். எங்கள் பள்ளியில் அதில் யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்தவர் இதே சார்தான்.

அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போர்டில் அவர் வரைவது பார்க்க அழகாக இருக்கும். அளவுகோல் இல்லாமல் நேர்க்கோடு போடுவார். ஜியாமெட்ரி வகுப்பு முடிந்தால் அதை அழிக்க மனசு வராமல் அடுத்த வகுப்பு டீச்சர் ஓரமாக எழுதிக்கொண்டிருப்பார். அந்த அழகு அவருக்கு ஒரு கர்வம், எங்களுக்கு ஒரு சட்டம். காம்பஸால் வில் போட்டால் அது நகத்தளவுதான் இருக்க வேண்டும். கோட்டை வெட்டுகிற இடத்தில் சின்னதாக ஒரு கீறல், அவ்வளவுதான். நீண்டால் அரை மார்க் போய்விடும்.

எனக்குத் தேர்வுக்குத் தேர்வு அந்த அரை மார்க் போனது. என் காம்பஸ் லஸ் முனை நடைபாதையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியது. முடுக்குகிற திருகு தேய்ந்துபோயிருந்தது. பாதியில் நிறுத்தினால் கால் அகன்றுவிடும். அதனால் வைத்த கையோடு ஒரே இழுப்பாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துவிடுவேன்.

“இன்னிக்கு மார்கழி ஒண்ணாம் தேதியா?” சார் என் நோட்டை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டிக் கேட்பார். “வாசல்ல போட வேண்டியதை நோட்டுல போட்டு வச்சிருக்கா.”

வகுப்பு சிரிக்கும். அவர் சிவப்பு மையால் என் வில்லை அடித்துவிட்டு அரை மார்க்கைக் குறைப்பார்.

சர்வசம முக்கோணங்கள் பாடம் வந்தது. ஒரு முக்கோணத்தை வெட்டியெடுத்து இன்னொன்றின் மேல் வைத்தால் துளியும் வெளியே நீட்டாமல் பொருந்த வேண்டும். அதுதான் சர்வசமம். ஆனால் ஒவ்வொரு தடவையும் வெட்டி வைத்துப் பார்க்க முடியாது. மூன்று பக்கமும், மூன்று கோணமும் அளந்துகொண்டிருக்கவும் வேண்டாம். ஆறில் எந்த மூன்று தெரிந்தால் போதும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். மூன்று பக்கம் சமமானால் போதும். இரண்டு பக்கமும் அவற்றுக்கு நடுவில் இருக்கிற கோணமும் சமமானால் போதும். இரண்டு கோணமும் ஒரு பக்கமும் சமமானாலும் போதும்.

சார் புத்தகத்தை மூடச் சொன்னார். “அதுல வளவளன்னு இருக்கும். நான் சொல்றதை எழுதுங்க. ரெண்டு பக்கம், ஒரு கோணம் சமம்னா சர்வசமம். முடிஞ்சுது.”

“கோணம் எங்க சார் இருக்கணும்?” என்று கேட்டேன்.

“முக்கோணத்துக்குள்ளதான் இருக்கணும். சமோசாவுக்குள்ள இல்ல. உட்காரு.”

உட்கார்ந்தேன்.

அடுத்த வருஷம், பத்தாம் வகுப்பு அரைப் பரீட்சை விடுமுறையில் ஒரு மத்தியானம். அம்மா பட்டி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பலகைமேல் நோட்டை வைத்துக்கொண்டு, சார் சொன்னபடி ஒரு முக்கோணத்தை வரையப் பார்த்தேன். கிடையாக ஒரு நீளமான கோடு. அதன் இடது முனை பி. அங்கே முப்பது பாகையில் ஒரு சாய்கோடு. அதில் எட்டு சென்டிமீட்டர் அளந்து ஏ என்று குறித்தேன். மூன்றாவது புள்ளி சி கிடைக்க ஏயிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்கு வில் போட வேண்டும். வில் கோட்டை வெட்டுகிற இடம் சி.

என் காம்பஸ் வழக்கம்போல நிற்கவில்லை. இழுத்துக்கொண்டு போயிற்று. வில் கோட்டை ஓரிடத்தில் வெட்டி, கீழே கொஞ்சம் இறங்கி, மறுபடியும் ஏறி இன்னோர் இடத்திலும் வெட்டியது.

காம்பஸ்தான் வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். திருகைச் சுற்றி நூலைக் கட்டி இறுக்கி மறுபடியும் போட்டேன். அதே இரண்டு இடம். இரண்டு சி. இரண்டையும் ஏயோடு சேர்த்தேன். தூரத்தில் இருந்த சியோடு சேர்த்தால் அகலமான ஒரு முக்கோணம். பிக்குப் பக்கத்தில் இருந்த சியோடு சேர்த்தால் ஒல்லியான ஒன்று. இரண்டிலும் ஒரு பக்கம் எட்டு, இன்னொரு பக்கம் ஐந்து, பியில் கோணம் முப்பது. சார் கணக்குப்படி இரண்டும் சர்வசமம். தனித்தனியாக வரைந்து கத்திரிக்கோலால் வெட்டி ஒன்றின் மேல் ஒன்றை வைத்தேன்.

“அம்மா, இது ரெண்டும் ஒண்ணா?”

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். “கண்ணு இன்னா நொள்ளையா உனுக்கு? ஒண்ணு ரெண்டு ஆள் துன்றது, ஒண்ணு கொசுறு.”

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ‘இடைப்பட்ட கோணம்’ என்று தெளிவாக அச்சடித்திருந்தது. புத்தகம் எழுதியவருக்கு இந்த இரண்டாவது வெட்டு தெரிந்திருக்கிறது. எங்கள் சாருக்குத் தெரியவில்லை. தெரிய வழியே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் வெட்டு வந்தவுடன் நிறுத்திவிடுகிறவருக்கு இரண்டாவது வெட்டு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமாக அழகுக்காக நகத்தளவு வில் போட்டு, அந்த அழகுக்குப் பின்னால் இருந்த இன்னொரு முக்கோணத்தை அவர் பார்த்ததே இல்லை. அரை மார்க், அரை மார்க்காக அவர் என்னிடம் பிடுங்கிய அந்த நீண்ட வில்தான் அதைக் காட்டியது.

பள்ளி திறந்ததும் கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். “உட்காரு” என்பார். ஒரு சமோசா தமாஷ் வரும். நாற்பது பேர் சிரிப்பார்கள். மணி அடித்துவிடும். அதோடு என் கையில் இருந்த ஒரே ஆயுதம் வீணாகிவிடும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அவர் வலிக்கும்படி விழ வேண்டிய இடம் எது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் அவர் வகுப்புக்குள் வரும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்லும்போதெல்லாம் மனதுக்குள் அந்த வில்லை ஒரு தரம் முழுசாக இழுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பொதுத்தேர்வில் கணக்கில் தொண்ணூற்றைத் தாண்டினேன். அது போதாது, முதல் குரூப்புக்கு எங்கள் பள்ளி தனியாக ஒரு தேர்வு வைக்கும். கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் சார். மே மாத வெயிலில், மின்விசிறி சுற்றியும் சுற்றாமலும் இருந்த அறையில் அதை எழுதினோம். ஐந்தாவது கேள்வி இரண்டு முக்கோணங்கள். இந்தப் பக்கம் அந்தப் பக்கத்துக்குச் சமம், இன்னொரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குச் சமம், முதல் முக்கோணத்தில் பியில் உள்ள கோணமும் இரண்டாவதில் ஈயில் உள்ள கோணமும் சமம். இவை சர்வசமம் என நிரூபி. கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இல்லை. ஓரத்தில் இருந்தது.

கேள்வியை மறுபடியும் மறுபடியும் படித்தேன். சந்தோஷத்தில்தான்.

பக்கத்து பெஞ்சில் டியூஷன் பெண்களின் பேனாக்கள் ஓடின. சார் வீட்டு முன்னறையில் பாயில் உட்கார்ந்து அவர்கள் பலமுறை எழுதிய விடை அது. நானும் அதை எழுதினால் ஐந்து மார்க் கிடைக்கும், சீட் கிடைக்கும், சார் தப்பிப்பார். எழுதாவிட்டால் ஐந்து மார்க் போகும். சீட்டும் போகலாம். நைனா கூடவே இருந்திருந்தால் எழுதிடும்மா என்றிருப்பார்.

‘இதை நிரூபிக்க முடியாது. ஏனெனில் இது உண்மையல்ல’ என்று எழுதினேன். கீழே வரைந்து காட்டினேன். எட்டு, ஐந்து, முப்பது. வில்லை முழுசாக இழுத்தேன். பேப்பரின் ஓரம் வரைக்கும் போயிற்று.

அறிவிப்புப் பலகையில் என் பெயர் வரவில்லை. அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது சார் அந்தப் பக்கமாக வந்தார். “பேப்பர்ல கோலம் போட்டா பூஜ்யம்தான், முதல் குரூப் தருவாங்களா? டைப்ரைட்டிங் குரூப்ல சேரு. ரெண்டு வருஷத்துல சம்பாதிக்கலாம். உங்கப்பனுக்கும் உதவியா இருக்கும்.”

அன்று இராத்திரி நைனா என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். “வுடும்மா. டைப்பிங்கு நல்லாத்தான் கீதுன்றாங்க. ஆபீசுல எல்லாம் மின்விசிறிக்குக் கீழதான் குந்தினு அடிக்கிறாங்களாம்.”

அம்மா எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “அவ கேக்கறது அது இல்லியே. இட்டுனு போய் அந்தப் பெரிய டீச்சராண்ட கேளு. இன்னா, அட்ச்சிடுவாங்களா?”

மறுநாள் நைனாவோடு பள்ளிக்குப் போனேன். அட்மிஷன் நடந்துகொண்டிருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு வெள்ளையடித்ததால் அவர் ஒரு வகுப்பறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சாந்தோம் பக்கத்துக்காரர், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. அவருடைய பாடம் வரலாறு. தாழ்வாரம் முழுக்கப் பெற்றோர்களும் பெண்களும் நின்றிருந்தார்கள். டியூஷன் பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். அறைக் கதவு திறந்தே இருந்தது. போர்டு காலியாக இருந்தது. எனக்கு இதைவிட நல்ல இடம் இனி அமையாது என்று தோன்றியது.

“சார் போட்ட அஞ்சாவது கேள்வி தப்பு மேடம்” என்றேன். “அதுக்கு நான் சரியா எழுதியிருக்கேன். பூஜ்யம் போட்டிருக்காரு.”

நைனா என் முழங்கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு பியூனிடம் சொல்லி என் பேப்பரையும் சாரையும் வரவழைத்தார்.

“சார், உங்க கேள்வி தப்புன்னு சொல்றா இந்தப் பொண்ணு.”

“இவளா? சமோசாக்காரர் பொண்ணு மேடம். வாய் ஜாஸ்தி.”

“நான் வாயைப் பத்திக் கேக்கல சார். கேள்வியைப் பத்திக் கேக்கறேன்.”

சாரின் முகம் கொஞ்சம் இறுகியது. “இருபது வருஷமா சொல்லிக் குடுக்கறேன் மேடம். ரெண்டு பக்கமும் ஒரு கோணமும் குடுத்துட்டா ஒரே ஒரு முக்கோணம்தான் வரும்.”

“சாரே வரைஞ்சு காட்டட்டும் மேடம்” என்றேன். “அளவை நான் சொல்றேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரையச் சொன்னால் அவருக்குச் சந்தோஷம்தானே. பக்கத்து அறையிலிருந்து போர்டுக்கான பெரிய மரக் காம்பஸைக் கொண்டுவரச் சொன்னார், சாக்பீஸைச் செருகிக்கொண்டார். நான் சொன்னேன்: ஒரு பக்கம் எட்டு, பியில் முப்பது, இன்னொரு பக்கம் ஐந்து. போர்டுக்குத் தகுந்த மாதிரி பெரிசாக்கிக்கொண்டு வரைந்தார். அளவுகோலைத் தொடவே இல்லாமல் நேராக ஒரு கோடு. சாய்வாக ஒரு கோடு. ஏயில் காம்பஸின் முனையை ஊன்றி, தூரத்தில் கோட்டின் மேல் நகத்தளவு ஒரு வில். அதை ஏயோடு சேர்த்தார். திரும்பிப் பார்த்தார். தாழ்வாரத்திலிருந்து கூட்டம் கதவருகே நெருங்கியிருந்தது.

“பாருங்க மேடம். ஒண்ணே ஒண்ணுதான். வேற எப்படி வரும்?”

“வில்லை முழுசா இழுங்க, சார்.”

“எதுக்கு?”

“சும்மா இழுங்க சார்.”

“அசிங்கமா இருக்கும்.”

“போர்டுதானே சார்” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். “அழிச்சுக்கலாம். இழுங்க.”

அவர் இழுத்தார். மரக் காம்பஸ் போர்டில் கிறீச்சிட்டது. வில் கோட்டுக்குக் கீழே இறங்கியது. பாதி தூரத்தில் அவர் கை மெதுவானது. அவருக்குத் தெரிந்துவிட்டது. வில் இன்னும் கோட்டைத் தொடவில்லை, அதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அவர் கழுத்துக்குப் பின்னால் வியர்வை சட்டைக் காலரில் இறங்குவதை நான் பார்த்தேன். நிறுத்திவிடப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம், சார்” என்றேன்.

வில் மேலே ஏறிக் கோட்டை இன்னொரு தரம் வெட்டியது.

நான் போய் ஒரு சாக்பீஸை எடுத்து, அந்தப் புள்ளியை ஏயோடு சேர்த்தேன். என் கோடு அவருடையதைப்போல நேராக இல்லை. பரவாயில்லை. “இதுலயும் எட்டு, இதுலயும் அஞ்சு, அதே முப்பது. சார் சொல்ற மூணும் இருக்கு. ரெண்டும் சர்வசமமான்னு மேடமே சொல்லட்டும்.”

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பார்த்தார். தாழ்வாரத்தில் யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். இந்தத் தடவை அது என்னைப் பார்த்து இல்லை.

“செங்கோணம்னா இது சரியா வரும் மேடம்” என்றார் சார். குரல் இறங்கியிருந்தது. “அதைத்தான் நான்…”

“செங்கோணத்துலயும் ரெண்டு தரம் வெட்டும் சார்” என்றேன். “ஒண்ணு பிக்கு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம், ரெண்டும் சம தூரத்துல. கண்ணாடியில பாத்த மாதிரி. மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடும். அதனால அங்க சரி. நீங்க கேள்வியில செங்கோணம்னு போடலியே.”

அவர் காம்பஸை மேசையின் மேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

“அந்தக் கேள்விய எல்லாருக்கும் அடிச்சுடுங்க சார்” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். “இந்தப் பொண்ணுக்கு மட்டும் அஞ்சு மார்க் போட்டு, பேரைச் சேர்த்து எழுதுங்க.” பிறகு நைனாவைப் பார்த்து, “நீங்க கட்ட வேண்டியதைக் கட்டிட்டுப் போங்கய்யா” என்றார்.

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததெல்லாம் சாரின் முகம் மட்டும்தான். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது கேட்டார், “இன்னாம்மா அது? இன்னாத்துக்கு அப்பிடி ஆய்ட்டாரு அவரு?”

“அன்னிக்கு நம்ம சமோசாவைத் துன்னாரே நைனா. அதுக்கு பில்லு.”

நைனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். தெற்கு மாடவீதி திருப்பத்தில் திடீரென்று சிரித்தார். தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பு இல்லை. வேறு சிரிப்பு.

டியூஷன் பெண்களில் ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். “உன்னால எங்களுக்கு அஞ்சு மார்க் போச்சுடீ.”

“என்னாலயா? போய் டியூஷன் ஃபீஸைத் திருப்பிக் கேளு” என்றேன்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷமும் அவர்தான் எனக்குக் கணக்கு. ஒரு நாளும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. என் நோட்டில் வில் எவ்வளவு நீண்டாலும் மார்க்கைக் குறைக்கவில்லை. சமோசா என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. இது போதாதா என்று என் தோழிகள் கேட்டார்கள். போதவில்லை. அவர் சொன்னதை நாற்பது பேர் கேட்டார்கள், சிரித்தார்கள். அதைத் தப்பு என்று அவர் ஒருமுறைகூடத் தன் வாயால் சொல்லவில்லை.

அடையாறுப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு படித்தேன். பி.எட். முடித்தேன். பறக்கும் ரயிலும் மயிலாப்பூர் வரைக்கும் ஓட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலங்களில் எங்கள் வரிசைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரின் மகள் தன் நோட்டைக் கொண்டுவந்தாள். ஒன்பதாம் வகுப்பு. சாரிடம் டியூஷனுக்குப் போகிறாள். இப்போது அவர் எங்கள் வரிசைப் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார், காசு வருகிறதே.

“அக்கா, இது புரியல” என்று காட்டினாள்.

‘இரண்டு பக்கமும் ஒரு கோணமும் சமமானால் சர்வசமம்.’ நான் எழுதிய அதே வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை.

“போர்டுல வரைஞ்சு காட்டினாரா?”

“காட்டினாரு. வில்லு இத்துனூண்டு.” விரல் நகத்தைக் காட்டினாள். “நீட்டிப் போட்டா அரை மார்க் கட்டு, அக்கா.”

தெரியாமல் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். இவருக்குத் தெரியும். வில் ஏறி இரண்டாவது தடவை வெட்டியதை அவர் கையே உணர்ந்தது. ஒரு சமோசாக்காரன் மகள் காட்டியது என்பதற்காகவே அதைப் போர்டிலிருந்து அழித்துவிட்டு, பழையபடி நகத்தளவு வில்லையே போட்டுக்கொண்டிருக்கிறார். என் தெருப் பெண்களுக்கும் அதையே விற்கிறார்.

அன்று சாயங்காலமே மந்தைவெளிக்குப் போனேன். சார் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு வீட்டின் மாடியில் ‘வாடகைக்கு’ என்று அட்டை தொங்குவதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். தெருவைப் பார்த்தபடி ஓர் அறை, ஒரு பெரிய ஜன்னல்.

வீட்டுக்கார அம்மா யோசித்தார். “டியூஷனா? எதிர்லயே பெரிய சார் இருக்காரேம்மா. உன்கிட்ட யார் வருவா?”

“பார்க்கலாம் மாமி” என்று சொல்லி முன்பணத்தைக் கொடுத்தேன்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் போர்டை மாட்டியாயிற்று. பாரிமுனையில் பெரிய மரக் காம்பஸ் ஒன்று வாங்கினேன். நேற்று மாலை விளக்கைப் போட்டு, போர்டு முழுக்க அந்தப் படத்தை வரைந்தேன். எட்டு, ஐந்து, முப்பது. வில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. கீழே தெருவில் நைனா புது சைக்கிளில் வந்து இறங்கி, கைப்பிடியில் தொங்கிய தூக்கைக் கழற்றிக்கொண்டு மாடி ஏறினார். படிக்க வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சமோசா, இது அவருடைய யோசனை. எதிர் வீட்டு வாசலில் சார் பால் பாக்கெட்டோடு நின்று மேலே பார்த்தார். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. விளக்கையும் அணைக்கவில்லை. அவர்தான் உள்ளே போனார்.

இன்று காலை மூன்று பெண்கள் படியேறி வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று பேருமே எதிர் வீட்டுப் பாயில் உட்கார்ந்தவர்கள். என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டார்கள்.

காம்பஸ் போதும் என்றேன். திருகு தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை.